நீர் வடிந்த இடத்தில் எண்ணிய கபர்கள்

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கியவர்கள் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். என்னை அழைத்துப்போக வந்தவர் ஒரே ஒருவர். அவர் என்னைக் கண்டுபிடிக்க ஆறு நிமிடம் ஆயிற்று. பினாங்கிலிருந்து வருகிறவர் கோட்டுப் போட்டிருப்பார் என்று நினைத்திருக்கிறார். நானோ அரைக்கைச் சட்டையில், துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“ஹாஜியாருங்களா? நான் பாஷாங்க, போன்ல பேசுனனே. நெருஞ்சிமடுவு ஜமாஅத்துக்குச் செயலாளர்னு பேரு. பம்புசெட்டு மோட்டார் கட்டறது பொழப்பு. பைய குடுங்க.”

பையைக் கொடுக்கவில்லை. அதற்குள் ஒரு பிஸ்கட் தகர டப்பா இருந்தது. டப்பாவுக்குள் நான்கு தாளில் ஒரு பத்திரம். அதற்காகத்தான் இந்த வயதில் கடல் தாண்டி வந்திருந்தேன்.

விஷயம் இதுதான். மேட்டூர் அணைக்காக ஊரைக் காலி செய்யச் சொன்ன மாதத்தில், என் தாத்தா தங்கள் குடும்ப நிலம் ஒன்றை ஊர் முஸ்லிம்களின் மையவாடியாக, அதாவது அடக்க நிலமாக, வக்பு செய்து பதிவு செய்தார். அதைக் கவனிக்கும் முத்தவல்லிப் பொறுப்பு அவருக்கும் அவருடைய ஆண் வாரிசுகளுக்கும். சொத்து விவரத்தில் ‘கபர்கள் அறுபத்துமூன்று, புளியமரம் இரண்டு, கல் கட்டிய கிணறு ஒன்று’ என்று எழுதியிருக்கிறது. பிறகு அவர் என் தகப்பனாரைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பல் ஏறினார். ஒரு வருடத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லி, தொலைந்துவிடக் கூடாதே என்று பத்திரத்தையும் கூடவே எடுத்துக்கொண்டார். அது தொலையவில்லை. தொண்ணூறு வருடமாக எங்கள் வீட்டில் இருந்தது. அவர்தான் திரும்பவில்லை.

மேட்டில் குடியேறிய கிறிஸ்தவர்கள் தங்கள் கல்லறைத் தோட்டத்துக்குத் தாளைக் காட்டி மாற்று இடம் வாங்கினார்கள். எங்கள் ஆட்களிடம் காட்ட ஒன்றும் இல்லை. என் அண்ணன் இறந்தபிறகு டப்பாவைத் திறந்து பார்த்து, ‘பள்ளிவாசல், நெருஞ்சிமடுவு’ என்று மட்டும் முகவரி எழுதி ஒரு கடிதம் போட்டேன். நான்கு மாதம் கழித்து பாஷா போன் செய்தார். “புதுச் சட்டம் வந்திருக்குதுங்க. வக்பு நெலம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணுமாம். ஏத்தாட்டி இல்லேன்னு ஆயிடுமாம். நீங்க வந்தீங்கன்னா எங்க மையித்துகளுக்கு ஒரு எடம் கெடைக்கும்” என்றார்.

நான் முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவன். கப்பலில் இறங்கும் மூட்டையும் தாளில் இருக்கும் மூட்டையும் ஒத்துப்போகாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன். எழுபத்தேழு வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. பென்னாகரம் போகும் பஸ்ஸில் நடத்துநர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏனுங்க பெரியவரே, ஆளுகள எண்ணிக்கிட்டே வர்றீங்க, செக்கிங்குங்களா?” என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அறுபத்தெட்டுப் பேர் சிரித்தார்கள்.

பென்னாகரத்தில் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டோம். ராகிக் களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்றார் பாஷா. இரண்டு உருண்டை விழுங்கினேன். மாலைவரை இரண்டும் வயிற்றில் தனித்தனியாக இருந்தன. ஏரியூர்ப் பக்கம் போகும் பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. நாற்பது நிமிடம் சாலையோரம் நின்றோம். கூடையில் தக்காளி வைத்திருந்த ஓர் அம்மாள் என்னை விசாரித்தார்.

“உங்க நாட்டுல யாருங்க ஆட்சி?”

“ராஜாவும் இருக்கிறார், பிரதமரும் இருக்கிறார்.”

“ரெண்டு பேருமா? அப்ப மனு யாருகிட்ட குடுப்பீங்க?”

எங்கள் நாட்டில் நான் மனு கொடுத்ததே இல்லை. கேட்காமலே அடையாள அட்டையில் ‘இஸ்லாம்’ என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பிரசங்கத்தை ஓர் அலுவலகத்தில் எழுதி எல்லாப் பள்ளிவாசலுக்கும் அனுப்புகிறார்கள்; இமாம் வாசிக்கிறார், நாங்கள் கேட்கிறோம். என் மனைவி இறந்தபோது பதினான்காம் வரிசை, ஆறாம் கபர் என்று சீட்டு வந்தது. அங்கே அரசாங்கம் மதத்துக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. இங்கே அது வாசலில் நின்று தாள் கேட்கிறது.

நெருஞ்சிமடுவு மேட்டில் வீடுகள் நாற்பத்தாறு. அதில் முஸ்லிம் வீடு ஒன்பது. தகரக் கூரை போட்ட சிறிய பள்ளிவாசல். அதற்குக் கீழே சரிவு, சரிவுக்குக் கீழே அணையின் நீர்ப்பரப்பு இருக்க வேண்டிய இடம். அந்த ஆனி மாதத்தில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கி, சாம்பல் நிறத் தரை மட்டும் கிடந்தது. பாஷா வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு அணை மீன் வறுத்திருந்தார்கள். ஐந்து துண்டு சாப்பிட்டேன். பினாங்கில் கடல் மீன். இது வேறு ருசி, மண் வாசனையோடு.

சாப்பாட்டுக்கு முன் அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. மோதினார் கரீம், எண்பத்திரண்டு வயது, நெஞ்சுச் சளியால் ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். எங்கும் பாங்கு சொல்கிறவர் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து நிற்பார். இவர் அந்தக் காலி நிலத்தைப் பார்த்து நின்றார். ஒலிபெருக்கியும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது. வீடுகள் எல்லாம் பின்னால் இருந்தன.

“ஏன் அந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

“இந்தப் பக்கம் ஒம்பது வூடு. அந்தப் பக்கம்தான் ஜாஸ்தி” என்றார் மோதினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு வந்தவர்கள் பதின்மூன்று பேர். எனக்கு மனசு ஒப்பவில்லை. தாத்தா ஹனஃபி வழிக்காரர், ஆனால் கப்பலேறியவர்களின் பிள்ளைகளான நாங்கள் அங்கே ஷாஃபிகள் ஆகிவிட்டோம். எங்களுக்கு ஜும்ஆ என்றால் நாற்பது ஆண்கள் வேண்டும். அதை மெதுவாகப் பாஷாவிடம் சொன்னேன்.

“எங்களுக்கு இமாம் போக மூணு பேரு போதுமுங்க. நாப்பது வேணும்னா கொஞ்சம் பொறுங்க, தொழுகை முடியட்டும்” என்றார்.

தொழுகை முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. மோதினார் ஒரு பழைய பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை விரித்து, ஃபாத்திஹா ஓதிவிட்டுப் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். தண்ணீருக்குள் அடங்கியிருப்பவர்களின் பெயர்கள். ஊர் மூழ்கிய வருடத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இப்படித்தானாம். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் வாத்தியார் ஆஜர் எடுப்பதுபோல ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூட இல்லை. வெளியே தகரம் வெயிலில் சடசடத்தது.

நாற்பத்தொன்றாவதாக, “முகம்மது யூசுப்” என்றார்.

அது என் பெயர். என் தாத்தாவின் தகப்பனார் பெயரைத்தான் எனக்கு வைத்திருந்தார்கள். தெரிந்திருந்தும், அந்த ஒரு மூச்சு நேரத்தில் என் வாய் தானாகத் திறந்தது. பக்கத்திலிருந்தவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். “விருந்தாளிங்க எல்லாரும் சொல்லப் பாப்பாங்க. பதில் சொல்லாதீங்க” என்று காதருகில் சொன்னார்.

நான் எண்ணிக்கொண்டே வந்தேன். அறுபத்துமூன்றில் நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தவில்லை. அறுபத்துநான்கு, அறுபத்தைந்து. அறுபத்தொன்பதாவதாக “ஜைத்தூன் பீவி” என்றபோது மோதினாரின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. எழுபத்தொன்றில் பதிவேட்டை மூடினார். ஊரைக் காலி செய்த மாதத்தில் எழுதிய பத்திரத்தில் அறுபத்துமூன்று. மூழ்கிய பிறகு அங்கே யாரும் அடங்கியிருக்க முடியாது. எட்டு அதிகமாக இருந்தது.

பாஷாவிடம் கேட்டேன். “நாளைக்குக் கீழ போலாமுங்க. பாத்துட்டு அப்புறம் பேசுவம்” என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

சனிக்கிழமை காலை எங்களை அழைத்துப்போனவர் ஆரோக்கியசாமி. மேட்டுக் கிறிஸ்தவர், தண்ணீர் வடியும் மாதங்களில் அணைத் தரையில் எள் விதைப்பவர். சரிவின் அடியில் ஒரு நாய் எங்களோடு வந்தது. வெடித்த மண் தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டது. கூப்பிட்டும் வரவில்லை.

“அது வராதுங்க ஐயா. எந்த நாயும் இதத் தாண்டாது” என்றார் ஆரோக்கியசாமி.

நடந்தோம். தரை முழுவதும் வெள்ளைச் சிப்பிகள். மிதிக்கும்போது முட்டை ஓடு உடைவதுபோலச் சத்தம். பறவை ஒன்றும் இல்லை. வெயில் ஏற ஏற, காய்ந்த சேறு தானாகவே சின்னச் சின்னதாகத் தெறித்தது. பின்னால் யாரோ நடந்து வருவதுபோல இருந்தது. மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். ஆயிரத்து நூற்றிருபது அடி எடுத்து வைத்தபிறகு இரண்டு மரத்தூர்கள் தெரிந்தன. பட்டை இல்லாமல் எலும்புபோல வெளுத்திருந்தன. புளியமரம் இரண்டு. அதற்கப்பால் கல் கட்டிய கிணறு ஒன்று. சுற்றிலும் பாளம் பாளமாக வெடித்த தரை; கிணற்றில் மட்டும் விளிம்புவரை தண்ணீர், அசையாமல். தாளில் இருந்ததெல்லாம் தரையில் இருந்தது. பழைய பள்ளிவாசலின் மேற்குச் சுவர் மட்டும் நின்றது. அதன் வளைவுக்குள் மூன்று பேர் உயரத்தில் பாசிக்கோடு.

பிறகு கபர்கள். எல்லாம் வடக்குத் தெற்காக, ஒரே சாய்வில், தலைமாட்டில் நட்ட மீசான் கற்கள் சிப்பி அப்பிப்போய். ஆரோக்கியசாமி அறுத்த எள்ளின் அடிக்கட்டைகள் அவற்றைச் சுற்றி வளைந்து போயிருந்தன. ஏர் ஒரு கபரையும் தொடவில்லை. ஒரு முனையிலிருந்து எண்ணினேன். எழுபத்தொன்று. மறு முனையிலிருந்து எண்ணினேன். எழுபத்தொன்று. கடைசி வரிசையில் எட்டுக் கற்களில் சிப்பி இல்லை. ஒன்றில் சிமெண்டுப் பூச்சுகூட இருந்தது.

“இவர்கள் யார்?” என்று கேட்டேன்.

பாஷா தலையைக் குனிந்துகொண்டார். “எங்க ஆளுகதாங்க. தண்ணி வடிஞ்ச மாசத்துல மௌத்தானவங்க. தண்ணி இருக்கற மாசத்துல மௌத்தானா நாப்பது கிலோமீட்டர் வண்டியில கொண்டு போறோம். தெரியாத ஊரு, தெரியாத மண்ணு. வடிஞ்சிருந்தா இங்கன, சொந்தக்காரங்களோட. எங்கம்மா அந்த மூணாவது. மோதினார் சம்சாரம் ஆறாவது.”

“அரசாங்கத்துக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா உள்ள வெப்பாங்க. குடிதண்ணியில்லீங்களா!”

ஆரோக்கியசாமியைப் பார்த்தேன். “நீங்கள் இத்தனை வருடமாக உழுகிறீர்களே, இது கூடிக்கொண்டே போவது தெரியவில்லையா?”

“நான் உழுவறதோட சரிங்க ஐயா. எண்ணுனா யாராச்சும் கேக்கறப்பச் சொல்ல வேண்டி வரும்” என்றார்.

அன்று மத்தியானமும் மீன் வறுத்திருந்தார்கள். வேண்டாம் என்றேன். மோரும் வெங்காயமும் போதும் என்றேன். பாஷாவின் மனைவி உடனே மீன் தட்டை எடுத்துப்போனார். முன்பும் விருந்தாளிகள் அப்படிச் சொல்லியிருப்பார்கள் போல.

திங்கட்கிழமை தாலுகா அலுவலகம். அதிகாரி முப்பத்தைந்து வயதுப் பெண்மணி, மரியாதையானவர். பத்திரத்தின் நான்கு தாளையும் கையுறை போட்டுக்கொள்ளாத குறையாகப் புரட்டினார்.

“நல்ல பத்திரம் சார். இது இருந்தா மேட்டுல இருபது சென்ட் புறம்போக்கு மாத்திக் குடுக்கச் சொல்லி நான் எழுதலாம். நீங்க இந்தியப் பிரஜையா?”

“இல்லை. மலேசியப் பிரஜை.”

“அப்ப நீங்க மனுதாரரா இருக்க முடியாது. முத்தவல்லியாவும் சொல்லிக்க முடியாது. பாஷா பேர்ல மனு போடுங்க. நீங்க வேணா சாட்சி.”

பத்திரத்தில் எங்கள் வம்சத்தின் பெயர் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் வேறொரு நாட்டின் பெயர் இருக்கிறது. பாஸ்போர்ட் ஜெயித்துவிட்டது. எங்கள் நாட்டிலும் இதே கதைதான்: படிவத்தில் நான் ‘இந்தியன்’ என்ற கட்டத்தில் குறியிடுகிறேன், என் மகன் ‘மலாய்’ என்ற கட்டத்தில். ஒரே வீடு, ஒரே தொழுகை, இரண்டு கட்டம்.

“வியாழக்கிழமை நான் ஸ்பாட்டுக்கு வர்றேன். இதுல போட்டிருக்கற மாதிரி அறுபத்தி மூணு கபர் இருக்கணும். ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன் பாஷா. அங்க புதுசா ஏதாவது அடக்கம் பண்ணியிருந்தா, என்னால பாக்காத மாதிரி இருக்க முடியாது. நீர்ப்பிடிப்பு அது. மனு போட்டவர் மேலதான் கேஸ் வரும்.”

பாஷாவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. வெளியே வந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. டீக்கடைக்காரர்தான் சேதி சொன்னார். “கர்நாடகாவுல மழ கொட்டுதாம். தொறந்து உட்டுட்டாங்க. நாளைக்கே அணை ஏறும்.”

பாஷாவின் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். தண்ணீர் மூடிவிட்டால் யார் எண்ணுவார்கள்?

செவ்வாய் அதிகாலைப் பாங்கு கேட்கவில்லை. எல்லோரும் அவரவர் வாசலில் வந்து நின்றார்கள். மோதினார் பள்ளிவாசலில் அந்தக் காலி நிலத்தைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு ஆறிப்போயிருந்தது.

யாரும் ஆலோசனை செய்யவில்லை. யாரும் வண்டி என்ற பேச்சை எடுக்கவில்லை. மேட்டிலிருந்து பார்த்தபோது சாம்பல் தரையின் தூர விளிம்பில் ஒரு பளபளப்புத் தெரிந்தது. மண்வெட்டிகள் நான்கு கீழே போயின. ஒன்று ஆரோக்கியசாமியுடையது.

“பாஷா, வியாழக்கிழமை அதிகாரி வருகிறார். கேஸ் என்றால் உங்கள் மேல்” என்றேன்.

“தெரியுமுங்க. அறுவது வருசம் அந்தப் பக்கம் பாத்துக் கூப்பிட்ட மனுசன். அவர வேற எங்கன கொண்டு வெக்கறது?”

குளிப்பாட்டி, கஃபன் உடுத்தி, ஜனாஸாவைத் தோளில் வைத்துக் கீழே போகும்போது பகல் பதினொரு மணி. மையவாடியின் ஓரத்திலிருந்து தண்ணீர் அப்போது இருநூற்றுப் பத்து அடித் தூரம். தொழுகை முடிந்தபோது நூற்றுநாற்பது. தண்ணீர் வரும் சத்தமே இல்லை. அலை இல்லை, நுரை இல்லை. வெடிப்புகளுக்குள் முதலில் கறுப்பாக ஈரம் ஓடி வருகிறது. பிறகு வெடிப்பு நிரம்புகிறது. பிறகு அங்கே தரை இல்லை. தோண்டிய குழியின் அடியில் நீர் ஊறத் தொடங்கியிருந்தது. வாளியால் இறைத்தார்கள். முப்பத்தெட்டு வாளி. பலகை அடுக்கி மண் தள்ளும்போது உள்ளேயிருந்து மூன்று முறை காற்று வெளியேறும் ஒலி கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே பாங்கு சொன்ன மனிதர் அவர். எல்லோருக்கும் கேட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நானும் மூன்று பிடி மண் போட்டேன். மண் குளிர்ந்து, கனமாக, கையைவிட்டுப் போக மனமில்லாததுபோல ஒட்டிக்கொண்டது. திரும்பும்போது தண்ணீர் முப்பத்தைந்து அடியில் இருந்தது. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டு வேகமாக நடந்தேன்.

புதன்கிழமை மாலைக்குள் புளியந்தூர்கள் மறைந்தன. பள்ளிச் சுவரின் வளைவு கொஞ்ச நேரம் தண்ணீருக்கு மேல் பிறைபோலத் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

அன்று பாஷா என் கட்டிலுக்கு அருகில் வந்து உட்கார்ந்தார். “ஹாஜியாரே, அவங்களுக்கு இப்ப பாக்க ஒண்ணும் இல்ல. உங்களத்தான் கேப்பாங்க. அறுவத்தி மூணுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க.”

சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரவெல்லாம் புரண்டேன். தண்ணீர் மறுபடி வடியும். வடிந்தால் யாராவது எண்ணுவார்கள். அன்று தாளில் அறுபத்துமூன்றும் தரையில் எழுபத்திரண்டும் இருந்தால், பொய்ச்சாட்சி சொல்லி நிலம் வாங்கினான் என்று பாஷாவைத்தான் பிடிப்பார்கள். நான் பினாங்கில் இருப்பேன், என் தாத்தா இருந்ததுபோல.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். கிராம உதவியாளர் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து பள்ளிவாசலுக்குக் கீழே, தண்ணீருக்குப் பத்தடி தள்ளிப் போட்டார். முந்தாநாள் நாங்கள் நடந்த இடமெல்லாம் வானத்தின் நிறத்தில் கிடந்தது. ஊர் முழுக்கப் பின்னால் நின்றது. ஆரோக்கியசாமி கைகட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

“லேட் ஆயிடுச்சு” என்றார் அதிகாரி, தண்ணீரைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க நேர்ல பாத்தீங்க இல்லையா? எத்தனை இருந்துச்சு?”

“எழுபத்திரண்டு.”

பாஷாவின் கை என் சட்டையைப் பிடித்தது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “பத்திரத்துல அறுபத்தி மூணு சார்.”

“பாக்கி ஒன்பதும் பிறகு வந்தவை. கடைசி ஒன்று முந்தாநாள்.”

“யாரு அடக்கம் பண்ணுனா?”

“அனுமதி கொடுத்தது நான்தான் அம்மா. பத்திரத்தைப் பாருங்கள். அந்த நிலத்தில் யாரை அடக்கலாம் என்று முடிவு செய்கிறவர் முத்தவல்லி. என் தகப்பனாருக்குப் பிறகு அண்ணன், அண்ணனுக்குப் பிறகு நான். எங்களைக் கேட்டுத்தான் இவர்கள் செய்தார்கள். போனில் கேட்டார்கள், சரி என்றோம். இங்கே தடை இருப்பது எங்களுக்குத் தெரியாது. வெளிநாட்டுக்காரர்கள்.”

வாழ்க்கையில் பதிவாகப்போகிறது என்று தெரிந்தே நான் சொன்ன முதல் பொய் அது. எண்ணிக்கையில் பொய் இல்லை.

அவர் பத்திரத்தை மறுபடி புரட்டினார். “நீங்க முத்தவல்லி இல்லைன்னு திங்கக்கிழமைதான் சொன்னேன்.”

“மனு கொடுக்கத் தகுதி இல்லை என்றீர்கள். தப்புச் செய்யத் தகுதி இருக்குமல்லவா?”

அதிகாரி சிரிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். “இத எழுதுனா மனுதாரர் மேல எதுவும் வராது. இடமும் இன்னைக்கு வரைக்கும் பயன்பாட்டுல இருக்குன்னு ஆகும். இவங்களுக்கு அது நல்லதுதான். ஆனா அறிக்கை உங்க பேர்ல மேல போகும். நீங்க டூரிஸ்ட் விசாவுல வந்திருக்கீங்க. அடுத்த தடவை விசா கேட்டா இதுதான் முதல்ல வந்து நிக்கும். புரியுதுங்களா சார்?”

“புரிகிறது.”

“உங்க அப்பா, தாத்தா ஊரு இது.”

“ஆமாம்.”

அவர் எழுதத் தொடங்கினார். மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னார். பிஸ்கட் டப்பாவின் மேல் வைத்துப் போட்டேன். டப்பா வழுக்கியதால் இரண்டாம் பக்கத்துக் கையெழுத்துச் சரியாக வரவில்லை. அதையும் அடித்துத் திருத்தி, பக்கத்தில் இன்னொன்று போட்டேன். நாற்காலியின் முன் கால்கள் இரண்டும் அப்போது ஈரத்தில் இருந்தன.

மொரப்பூர்வரை பாஷா என்னோடு வந்தார். ரயில் வரும் சத்தம் கேட்டபிறகுதான், “என்னங்க இப்படிப் பண்ணிப்புட்டீங்க” என்றார். பையை அவரிடமே கொடுத்தேன், டப்பாவோடு.

இடம் கிடைத்துவிட்டது. இருபது சென்ட், பள்ளிவாசலுக்கு மேற்கே, கம்பிவேலி போட்டு. கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டார்கள். நான் விசாவுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை அனுப்பும் கட்டணத்தை என் மகன் கட்ட மறுத்துவிட்டான்.

போன மாதம் பாஷா போன் செய்தார். தண்ணீர் நன்றாக வடிந்திருக்கிறதாம். பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாம். கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

“எல்லாம் இருக்கிறதா? எண்ணினீர்களா?” என்றேன்.

“எண்ணுனம். எழுவத்தி மூணுங்க.”

“மேலேதான் இடம் கிடைத்துவிட்டதே. கீழே யார்?”

“நீங்க பயப்படாதீங்க ஹாஜியாரே. மோதினாருக்குப் பக்கத்துல உங்களுக்குன்னு ஒரு எடம் விட்டு, தலைமாட்டுல கல்லு நட்டிருக்கோம். நாளைக்கு நீங்க வர முடியாமப் போனாலும், எடம் இல்லேன்னு இருக்கக் கூடாது பாருங்க. நானும் ஆரோக்கியசாமியும்தான் நட்டோம்.”

நன்றி என்றேன். பிறகு, உள்ளே யாரும் இல்லையே என்று கேட்டேன். இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வேறு விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போது, இன்னொரு தடவையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.